நீயுமில்லை, நீங்களுமில்லை

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. கல்கத்தாவில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். காலேஜ் தெருத் தேநீர்க்கடையில், அடுத்த மேஜையில் சுதபாவும் நிர்மால்யாவும் தினமும் பேசுவார்கள். ஒரே அச்சகத்தில் பிழை திருத்துகிறவர்கள்.

மழை கொட்டிய ஒரு மாலையில் சுதபா...

வேண்டாம். இந்த ஊரில் மழையை நம்பித் தொடங்கினால் முழங்கால் தண்ணீரில்தான் முடிக்க வேண்டும்.

2.
சுதபாவுக்கு உயிரான நாவல் ஒன்று உண்டு. அதில் ஒரு டீச்சரும் படகுத்துறை குமாஸ்தாவும் முந்நூறு பக்கம் பழகுகிறார்கள். 'நீ' என்றதுமில்லை, 'நீங்கள்' என்றதுமில்லை. "சாப்பாடு ஆச்சா?", "எங்கே பயணம்?" என்றே ஓட்டிவிடுகிறார்கள். (வங்காளிகள் இப்படி நழுவுவதில் கில்லாடிகள். நாம் மட்டும் என்ன யோக்கியம்?)

அதைப் படமாக எடுப்பதுபோல் பேசிக்கொள்வது இவர்களுடைய ஆறு வருஷ விளையாட்டு. அவள் இயக்குநர், நிர்மால்யா வசனம்.

"கடைசியில குமாஸ்தா படகு ஏறுறான். புத்தகத்துல 'கூப்பிட்டாள்'னு முடிச்சுட்டார் எழுதின மனுஷன். சினிமாவுல டீச்சர் வாயைத் திறந்தாகணுமே!"

"யோசிக்கணும். இன்னொரு டீ சொல்லட்டுமா?"

கவனித்தால் தெரியும், இவர்களும் அப்படித்தான். ஆறு வருஷம், ஒரு 'நீ' கிடையாது. சுதபாவுக்கு அவர்மேல் ஆசை. கடைசிக் காட்சிக்கு அவர் எழுதும் சொல்லே தனக்கான பதில் என்று முடிவுகட்டியிருந்தாள்.

3.
(முதலில் நிர்மால்யாவுக்கு ஒரு மனைவி வைத்திருந்தேன், அவருடைய கோழைத்தனத்துக்குக் காரணம் வேண்டுமே என்று. அடித்துவிட்டேன். காரணமில்லாத கோழைகளும் உண்டு. என்னைத் தெரியாதா?)

4.
"சிலிகுரியில வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை ரயில்."

பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று கிளம்புகிறவரிடம் 'துர்க்கா, துர்க்கா' என்பது இங்கே வழக்கம். சுதபா சொல்லவில்லை.

"அப்போ படம்?"

"எழுதியாச்சு."

மடித்த தாளை நீட்டினார். பிரித்தாள்.

படகு நகர்கிறது. கரையிலிருந்து அவள்: ∧

அவ்வளவுதான். இங்கே ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது என்று பிழை திருத்துகிறவர்கள் போடும் குறி.

"இதென்ன, வசனத்தைக் காணோமே?"

"எனக்குத் தைரியம் வரல. சிவப்புப் பேனா அந்தப் பக்கம்தானே இருக்கு."

5.
இந்த இடத்தில் டிராம் ஒன்று மணியடித்துப் போனது என்று எழுதி நழுவப் பார்த்தேன். அதையும் அடித்துவிட்டேன்.

சுதபா சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி எழுதினாள்: போகா

பேனா நின்றுவிட்டது. 'தே' என்றால் ஒரு வாழ்க்கை. 'தீங்க' என்றால் வேறு. அவர் அந்த முனையையே பார்க்கிறார். எனக்கும் தைரியம் வரவில்லை. பேனா இனி வாசிக்கிற பக்கம். மிச்சத்தை எழுது... எழுதுங்...

அது சரி, சாப்பாடு ஆச்சா?