ஒரு மூடி சாஃப்ட்னர்

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காபி, மை, எண்ணெய், ரத்தம், எந்தக் கறையாக இருந்தாலும் விரிப்பை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்தத் தண்ணீர், எந்தச் சோப்பு, எத்தனை நிமிடம் என்று சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருட அனுபவம் சும்மாவா? புதிதாகச் சேர்ந்தவர்கள் மருந்துச் சீட்டுக்கு நிற்கிற மாதிரி அழுக்குத் துணியோடு அவள் முன்னால் நிற்பார்கள். சொந்த மகள் விஷயத்தில்தான் டாக்டரம்மாவின் வைத்தியம் ஒன்றும் பலிக்கவில்லை.

மகளுக்குப் பதினாறு வயது. வீட்டில் பாப்பா. உடம்பு வளர்ந்ததே தவிர, பேச்சு நாலைந்து சொல்லோடு நின்றுபோயிற்று. உடம்பில் எது உறுத்தினாலும் பொறுக்க மாட்டாள். மாதவிலக்கு நாளில் பேட் வைத்தால் பத்தாவது நிமிடம் பிய்த்து எறிவாள். எங்கே இருக்கிறோம், யார் பார்க்கிறார்கள் என்கிற வெட்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. பகலில் அவளைப் பார்த்துக்கொள்கிற நிலையத்தில் மூன்று மாதமாக இதே ரகளை. நிலையத்து மேடம் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"மத்த பிள்ளைங்க மிரளுதுங்கம்மா. ஆயாவும் முடியாதுன்னுட்டாங்க. பேசாம கர்ப்பப்பையை எடுத்துடுங்க. இவளுக்கு அது இருந்து என்ன ஆகப்போகுது?"

ஏதோ சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டார் புண்ணியவதி. கணவனிடம் வந்து சொன்னால், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அந்த மனுஷன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "அவங்க சொல்றதும் சரிதானே" என்றான். நோய் நொடி எதுவும் இல்லாத பிள்ளையின் வயிற்றை எதற்காகக் கிழிக்க வேண்டும்? ஆனால் நிலையம் கைவிட்டால் பாப்பாவை வைத்துக்கொண்டு வேலைக்கும் போக முடியாது. பாப்பாவுக்கோ அந்த நிலையம்தான் உலகம். வீட்டில் சிரிக்காத பிள்ளை அங்கே போய்ச் சிரிக்கும்.

வெளியூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிற தங்கைதான் ஒரு வழி சொன்னாள். பார்சலில் ஆறு ஜட்டி வந்தது.

"பேடே வேணாம்க்கா. இதுவே உறிஞ்சிக்கும். பாக்க சாதா ஜட்டி மாதிரிதான் இருக்கும், அவளுக்குத் தெரியவே தெரியாது. தொவைச்சுத் தொவைச்சுப் போடலாம். எப்படித் தொவைக்கணும்னு லேபிள்ல போட்டிருக்கான், பாத்துக்க."

"தொவைக்கிறதுக்கு எனக்கே பாடமாடி?" என்று சிரித்தாள் அக்கா. சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து ஆறு லேபிளையும் ஒட்ட நறுக்கிக் குப்பையில் போட்டாள். லேபிள் இடுப்பில் குத்தினால் பாப்பா ஊரைக் கூட்டிவிடுவாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படிக்கவில்லை.

முதல் மாதம் அவளாலேயே நம்ப முடியவில்லை. பாப்பா தன் பாட்டுக்கு நிலையத்துக்குப் போனாள், மணி கோத்தாள், வந்தாள். இரண்டாம் மாதமும் பழுதில்லை. மேடம்கூட வாசல்வரை வந்து, "பரவாயில்லையேம்மா" என்றார். அன்று அவள் பேருந்தில் யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

ஒவ்வொரு தடவையும் அவளே கையால் துவைத்தாள். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு மெல்லிய சோப்பு, முறுக்காமல் பிழிதல். கடைசி அலசலில் துணியை மிருதுவாக்க ஒரு மூடி சாஃப்ட்னர். கைக்குழந்தையின் துணிக்குப் போடுகிற மாதிரி, பிள்ளைக்கு உறுத்தக்கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். காய்ந்ததும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். பஞ்சு தோற்கும்.

மூன்றாம் மாதம், இரண்டாம் நாள், பதினொரு மணிக்குச் சலவைக் கூடத்துக்குப் போன் வந்தது. அவள் ஈரக் கையோடு ஓடினாள். ஜட்டி ஒழுகியிருந்தது. ஈரத்தைத் தொட்டுப் பார்த்துப் பயந்துபோன பாப்பா, கையைச் சுவரில் துடைத்து, பக்கத்துப் பையனின் சட்டையிலும் துடைத்திருக்கிறாள். எல்லாரையும் அடுத்த அறைக்கு மாற்றிவிட்டு அவளை மட்டும் மூலையில் பழைய செய்தித்தாள்மேல் உட்கார வைத்திருந்தார்கள். அம்மாவைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"ஆபரேஷன் பண்ணிட்டுக் கூட்டிட்டு வாங்கம்மா. ஒரு மாசம் இடம் வச்சிருக்கேன்," என்றார் மேடம்.

அன்று சாயங்காலமே கணவன் ஆஸ்பத்திரியில் நாள் வாங்கிவிட்டான். அவள் குளியலறையில் உட்கார்ந்து அந்த ஜட்டியை அலச எடுத்தாள். குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் துணிக்குள் இறங்காமல் உருண்டு ஓடியது. அவளுக்குச் சுரீர் என்றது. டவலுக்கு சாஃப்ட்னர் போட்டால் தண்ணீர் குடிக்காது. புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் முதல் நாளே அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. மகளின் துணி என்றதும் அது புத்தியில் ஏறவேயில்லை. தலையில் அடித்துக்கொண்டாள்.

வினிகர் கலந்த தண்ணீரில் ஆறையும் ஊறவைத்து, நாலு தண்ணீர் மாற்றி அலசினாள். மறுநாள் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். சட்டென்று குடித்தது. கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பழி தன் தலையில் விழும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடக் கேவலமாக இன்னொன்றும் இருந்தது: எப்படியோ இந்தத் தொல்லை ஒழியட்டும் என்று அவள் மனசின் ஒரு மூலை நினைத்தது. அதற்காக அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சம்மதக் காகிதத்தை நீட்டுவதற்கு முன் கேட்டார்: "வேற வழி ஏதாச்சும் பாத்தீங்களா?"

"எல்லாம் பாத்தாச்சு டாக்டர். அதுக்குன்னு இருக்கிற ஜட்டிகூட வாங்கிப் பாத்தோம். ஒத்து வரல," என்றான் கணவன்.

பாப்பா நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒத்து வந்துச்சு. நான்தான் தப்பாத் தொவைச்சுக் கெடுத்தேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல," என்றாள் அம்மா.

டாக்டர் பேனாவை மூடினார். "அப்ப இன்னும் மூணு மாசம் பாருங்க."

வெளியே வந்ததும் கணவன் கேட்டான்: "மூணு மாசம் இவளை யாரு பாத்துக்கறது? வேலையை விட்டுட்டு வீட்ல உக்காரப் போறியா?" மறு வாரம் அவள் வேலையை விட்டுவிட்டாள்.

அடுத்த முறை வந்த ஐந்து நாளும் பாப்பாவின் பாவாடையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. ஆறாம் நாள் காலையில் அம்மா பல்லெல்லாம் தெரிய நிலையத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், ஒழுகவே இல்ல மேடம். தொவைக்கிறதுலதான் கோளாறு. இப்ப சரியாயிடுச்சு."

"ரொம்ப சந்தோஷம்மா. ஆபரேஷன் எப்ப?"

"அதான் வேண்டியதில்லன்னு ஆயிடுச்சே மேடம்."

அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம் கேட்டது. பாப்பா ஓடிவந்து போனில் காதை ஒட்டிக்கொண்டு சிரித்தாள்.

"சரிம்மா," என்றார் மேடம், "ஆபரேஷனை முடிச்சுட்டுக் கூப்பிடுங்க."