மாடிப் பசங்க

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தபோது படிவத்தை நிரப்பியது நான்தான். ‘குடித்தனக்காரர் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினேன். மாடியில் ஒரகடம் கம்பெனி ஆட்கள் ஆறு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆனால் குடித்தனம் என்றால் குடும்பம் என்றுதான் நினைத்திருந்தேன். இவர்கள் எங்களுக்கு வெறும் ‘பசங்க’.

மழையில் பின்சுவர் இடிந்தது. இன்று காலை இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார்.

“மாடியில யாரும்மா?”

“நம்ம பசங்கதான் சார். நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுத் தூங்கினு கீறாங்க,” என்றாள் அம்மா.

“ஆறு ஜோடி ஷூ இருக்கே! கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க.” சிரித்தபடி ‘மகன்கள்’ என்று எழுதினார்.

அம்மா பொய் சொல்லவில்லை. நான் சும்மா இருந்தால்தான் அது பொய்யாகும்.

“சார், அவங்க வாடகைக்கு இருக்காங்க. படிவத்துல தப்பா எழுதுனது நான்.”

“வாய வச்சினு சும்மா கெடக்க மாட்டியாடி?” என்றாள் அம்மா.

அவர் எழுதியதை அடித்துத் திருத்தினார். “கிளெய்ம் கிடைக்கிறது கஷ்டம்மா.”

“மறுத்தா காரணத்த எழுத்துல குடுங்க சார். நாங்க மேல புகார் பண்ணலாம்ல?”

நுகர்வோர் உரிமை பற்றிய மாலை வகுப்பில் நான் குறித்துக்கொண்டது அது.

அவர் போனதும் சுவர் இருந்த இடத்தில் அம்மா தார்ப்பாய் கட்டினாள். மறுமுனையை நான் பிடித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.