இரண்டு கன்னத்திலும் மச்சம்

கடைத்தெருவில் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்பவர் ஒரு முகத்தைத் திருத்தி முடித்தால், மறுநாள் காலையில் அந்த முகத்துக்குரியவர், படம் கொடுத்தவரின் வீட்டு வாசலில் வந்து நிற்பார். படத்தில் என்ன வயதோ அதே வயது, அதே சட்டை. ஆரம்பத்தில் ஊரே வாயைப் பிளந்தது, பிறகு பழகிவிட்டது. குடும்பப் படம் கொண்டுவருகிறவர்களிடம் வீட்டில் இடமிருக்கிறதா என்று மட்டும் அவர் முன்கூட்டியே கேட்டுக்கொள்வார்.

தையல்காரம்மாவின் வீட்டில் இடத்துக்குக் குறைவில்லை. கணவர் இறந்த நாளிலிருந்து அங்கே தையல் மெஷினைத் தவிர வேறு பேச்சுத்துணை கிடையாது. அவள் கொடுத்த கல்யாணப் படத்தில் கணவரின் பாதி முகத்தை ஈரம் தின்றிருந்தது. மிஞ்சிய பாதியைத் திருப்பி ஒட்டி முகத்தை முழுசாக்கினார் படக்காரர். இடது கன்னத்து மச்சமும் கூடவே வலது கன்னத்திலும் வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. மறுநாள் மாப்பிள்ளைக் கோலத்தில் கணவர் வந்துவிட்டார். இரண்டு மச்சத்தையும் பார்த்து அவள் சிரித்தாள், அழுதாள், காபி போட்டுக் கொடுத்தாள். அவர் மரியாதையாக வாங்கிக் குடித்துவிட்டுத் தெருவை எட்டிப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டி இன்னும் வரலையே, பெரியம்மா?"

"வந்துருவா," என்றாள். வேறு என்னதான் சொல்வாள், பாவம். மாதக்கணக்காக அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு மனசு தாங்கவில்லை. அதே கல்யாணப் படத்தைப் படக்காரரிடம் கொண்டுபோய்த் தன்னையும் திருத்தச் சொன்னாள். அந்த வயதுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. அவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "உங்க முகத்துல ஒரு கீறல்கூட இல்லையேம்மா. கெட்டுப்போனதத்தான் என்னால சரிபண்ண முடியும்." அவள் படத்தை வாங்கி, பையிலிருந்த கத்தரிக்கோலால் தன் முகத்தின் குறுக்கே கீறித் திரும்ப நீட்டினாள்.

மறுநாள் கண்ணாடியில் அவள் அப்படியேதான் இருந்தாள். வாசலில் கல்யாண உடையில் ஒரு பெண் நின்றாள். உள்ளே வந்தவள் கணவரை உற்றுப் பார்த்துவிட்டு, தையல்காரம்மாவைத் தனியாக அடுப்படிக்கு அழைத்தாள்.

"இவருக்கு இடது கன்னத்துல மட்டுந்தானே மச்சம்? இவரு அவருதானா?"

ஒரே சொல்லில் அவளை அனுப்பிவிட்டு அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம்.

"ரெண்டு பக்கமுந்தாம்மா. நீ வெக்கத்துல சரியாப் பாக்கல," என்றாள்.

இப்போது முன்னறை அவர்களுடையது, பின்னறை அவளுடையது. அக்கம்பக்கத்தில் சொந்தக்காரர்கள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். சாயங்காலம் இருவரும் கிளம்பும்போது, "நாங்க வர லேட்டாகும் பெரியம்மா, நீங்க சாப்ட்டுட்டுப் படுங்க," என்று அந்தப் பெண் தையல்காரம்மாவின் பழைய குரலில் சொல்வாள். தையல்காரம்மா சாப்பிட்டுவிட்டு, அவர்களுக்காக வாசல் விளக்கைப் போட்டுவைத்துப் படுத்துக்கொள்வாள்.