பதினைந்தாவது இயந்திரம்

சென்னியப்பனின் நாற்காலியிலிருந்து மைக் பதினொரு எட்டு நடைத் தொலைவில் இருந்தது. ஏழாவது எட்டில் அலுவலகம் வந்தது. வெற்றியைப் பற்றிப் பேசப் போகிறவர்கள் அங்கே அனுமதிச் சீட்டு வாங்கிய பிறகுதான் மைக்கைத் தொடலாம். கோயம்புத்தூரில் எல்லா மேடைகளிலும் இப்படித்தான்.

அவர் பம்பு கம்பெனி முதலாளி. அன்று காலை தொழில் சங்கம் ஒன்று அவருக்கு விருது கொடுத்தது. ‘தொழிலிலும் வாழ்விலும் வெற்றி’ என்று அரை மணி நேரம் பேசச் சொல்லியிருந்தார்கள். மண்டபத்தில் எண்ணூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பலகாரம் நன்றாக இருந்ததால் யாரும் அவசரப்படவில்லை.

அலுவலகத்தில் ஒரு மேசை, ஒரு படிவம், ஓர் அம்மாள். அம்மாளின் பெயர் திலகமணி என்று மேசைமேல் இருந்த பலகை சொன்னது.

“ரெண்டு சாட்சி வேணுங்க” என்றார் திலகமணி. “வாழ்க்கைக்கு ஒண்ணு. தொழிலுக்கு ஒண்ணு.”

“வாழ்க்கைக்கு என் சம்சாரம்.”

அவர் மனைவி வசந்தாமணி முன்வரிசையில் இருந்தார். எழுந்திருக்காமலே பதில் சொன்னார். “முப்பத்தாறு வருசமா அவரோட குடும்பம் நடத்தறேனுங்க. நேர்ல பாத்தது கொறச்சல். பாத்தவரைக்கும் நல்ல மனுசன். போட்டுக்கங்க.”

முன்வரிசை சிரித்தது. திலகமணி ‘பார்த்தது குறைவு’ என்று எழுதினார்.

“அது செல்லுமா?” என்று கேட்டார் சென்னியப்பன்.

“செல்லுங்க. இங்க வர்றவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு இதேதான். தொழிலுக்கு?”

“எழுநூறு பேர் என்கிட்ட வேல செய்யறாங்க. யார வேணும்னாலும் கூப்பிடுங்க.”

“வளையத்தச் செஞ்சவரு வேணும்.”

ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு மணல் ஏறி மோட்டாரைத் தின்றுகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஒரு பித்தளை வளையம் அதை நிறுத்தியது. அந்த வளையத்தால்தான் கம்பெனி எழுந்தது. ஊர் அதைச் சென்னி வளையம் என்று அழைத்தது. காலை நடையில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றபோது அது தன் மனதில் உதித்ததாகச் சென்னியப்பன் இருநூறு மேடைகளில் சொல்லியிருந்தார். வேப்பமரம் மூன்றாவது மேடையில் வந்து சேர்ந்தது.

“நாந்தான் செஞ்சேன்” என்றார்.

திலகமணி பேனாவைப் படிவத்தில் வைத்தார். பேனா எழுதவில்லை. உதறினார். உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். எழுதியது. மறுபடி படிவத்தில் வைத்தார்.

“எழுத மாட்டேங்குது பாருங்க.”

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மண்டபத்தின் மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

“பின்னாடி கதவு இருக்குதுங்க” என்றார் திலகமணி கடைசியில்.

கதவுக்குப் பின்னால் அவருடைய தொழிற்சாலை இருந்தது. இரண்டு நிமிடத்தில் நடந்து கடந்துவிடக்கூடிய இயந்திர வரிசை இன்று நீண்டுகொண்டே போனது. ஆறாவது லேத்துக்கும் ஏழாவது லேத்துக்கும் நடுவில் ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. அங்கே யாரும் நிற்கவில்லை. பதினான்காவது லேத்தை அடைந்தபோது செருப்பு தேய்ந்திருந்தது. அதற்கு அடுத்து, உறை போட்டு மூடியபடி, ஆறுக்குட்டி இருந்தார்.

சென்னியப்பன் உறையை நீக்கினார்.

ஆறுக்குட்டி டர்னர், லேத்தில் உலோகம் கடைகிறவர். வீணாய்ப் போன ஒரு பித்தளைத் துண்டைக் கடைந்து ஒரே சாயங்காலத்தில் அந்த வளையத்தைச் செய்தவர் அவர். அதன்பின் இரண்டு வாரத்தில் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜையின் வழக்கம் எளியது. முதலாளி இடது கையில் தட்டை ஏந்தி வரிசையாக வருவார். இயந்திரங்களுக்கு அவரே சந்தனம் தொட்டுப் பொட்டு வைப்பார். மனிதர்களுக்குத் தட்டை நீட்டுவார். அவர்களே எடுத்து வைத்துக்கொள்வார்கள். பத்தொன்பது வருடங்களுக்கு முன் சென்னியப்பன் பதினான்காவது லேத்துக்குப் பொட்டு வைத்தார். அதன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆறுக்குட்டியின் நெற்றியிலும் கட்டைவிரலால் வைத்தார். பிறகு அடுத்த இயந்திரத்துக்கு நகர்ந்தார். மறுநாள் பராமரிப்புப் பிரிவு வந்து ஆறுக்குட்டிக்குப் பதினைந்து என்றும் அடுத்தடுத்த இயந்திரங்களுக்கு ஒன்று கூட்டியும் எண் எழுதிவிட்டுப் போனது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதலாளி பொட்டு வைத்ததற்கெல்லாம் எண் போடுவதுதான் அவர்கள் வேலை.

“ஒரு கையெழுத்து வேணும், ஆறுக்குட்டி.”

“மெசினு கையெழுத்துப் போடாதுங்களே, மொதலாளி.”

“கோவமா?”

“அதெல்லாம் இல்லீங்க. சனிக்கெழமையானா தவறாம எண்ணெய் வெச்சாங்க. அதுல கொற சொல்லப்படாது.”

“நான் தெரியாமத்தான் வெச்சேன்.”

ஆறுக்குட்டி வெகுநேரம் யோசித்தார். எப்படியாவது ஆமாம் என்று சொல்லிவிட முடியுமா என்று தேடுகிறவர்போல இருந்தது.

“மொத வருசம் நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். தட்டு எம்பக்கம் வரலீங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க அடுத்த மெசினுக்குப் போயிட்டீங்க. சரி, அடுத்த வருசம் சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன்.”

“அடுத்த வருசம்?”

“அப்பவும் வெச்சீங்க. எம்மூஞ்சியப் பாக்காமயே வெச்சீங்க. நெத்தி எங்க இருக்குதுன்னு உங்க கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு.”

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். தரை மிகவும் சுத்தமாக இருந்தது. அதற்கும் அவர் ஒரு விருது வாங்கியிருந்தார்.

“இப்ப நான் என்ன செய்யணும்?”

“தட்ட நீட்டுனாப் போதுங்க. நான் எடுத்து வெச்சுக்குவேன். பொறவு கையெழுத்துப் போட்டுடலாம். ஆனா எல்லாரும் பாக்க நீட்டணும். நீங்க வெச்சது எல்லாரும் பாக்கத்தானுங்களே.”

சென்னியப்பன் ஆறுக்குட்டியை டிராலியில் ஏற்றினார். தானே தள்ளினார். திரும்பும் வழி நான்கே எட்டு. மைக் வந்துவிட்டது. குத்துவிளக்கின் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டு இருந்தது. திலகமணி மேடை ஓரத்தில் படிவத்தோடு நின்றார்.

“அந்த வளையத்த நான் செய்யல” என்றார் சென்னியப்பன் மைக்கில். “இந்த ஆறுக்குட்டி செஞ்சது. வேப்பமரம்னு ஒண்ணு இல்லவே இல்ல.”

மண்டபம் கைதட்டியது.

“என்ன அடக்கம் பாருங்க” என்றார் ஒருவர். இரண்டாம் வரிசையில் ஒருவர் ‘வேப்பமரம் இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

“அடக்கம் இல்லீங்க. பொய் சொன்னேன். பத்தொம்பது வருசமா.”

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். வசந்தாமணி மட்டும் தட்டவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் மனைவி தன்னைப் பார்ப்பதற்கு அவர் இதுவரை நேரம் கொடுத்ததில்லை. அந்தப் பார்வைக்கு முன் நிற்பது கடினமாக இருந்தது.

இடது கையில் தட்டை ஏந்தி ஆறுக்குட்டியிடம் நீட்டினார்.

ஆறுக்குட்டியின் வலது கை அசைந்தது. முழங்காலிலிருந்து எழ முயன்றது. எழவில்லை.

“வருதுங்க” என்றார் ஆறுக்குட்டி. “கொஞ்சம் பொறுங்க. ரொம்ப நாளாச்சு.”

சென்னியப்பன் பொறுத்தார். கைதட்டல் ஓய்ந்தது. எண்ணூறு பேரும் உட்கார்ந்தார்கள். ஒருவர் இருமினார். தட்டு கனத்தது. ஆறுக்குட்டியின் கை முழங்காலை விட்டு ஓர் அங்குலம் எழுந்திருந்தது.

சங்கத் தலைவர் குனிந்தபடி வந்து காதோடு சொன்னார். “அண்ணா, இன்னும் ரெண்டு விருது பாக்கி இருக்குதுங்க. அவருக்கு முடியலன்னா நீங்களே வெச்சு உட்டுருங்க. போட்டோவுக்கும் நல்லா இருக்கும்.”

“இல்லீங்க” என்றார் சென்னியப்பன். “அவரேதான் எடுக்கணும்.”

சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தார். அவருடைய வலது கட்டைவிரல் ஏற்கெனவே சந்தனத்தில் இருந்தது.

எப்போது போனது என்று அவருக்குத் தெரியவில்லை. எடுக்க நினைத்தார். போட்டோக்காரர் “ரெடிங்களா?” என்றார்.

ஆறுக்குட்டி அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். எழுந்த கையை மெல்ல இறக்கி முழங்காலிலேயே வைத்தார். பிறகு கண்களை மூடி, நெற்றியைச் சற்று முன்னால் கொடுத்தார்.