கிளாடிஸுக்கு ஒரு கால அட்டவணை

1

இந்தக் கதை ஒரு மருந்துப் புட்டியின் லேபிளில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

யார்க்‌ஷயரில், நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஒரு சின்ன ஊரில் இருபத்திரண்டு வருடங்களாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை நாரிஸ் டாட்டர்சால், கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு வந்தார். நான் லேபிளை அடித்து ஒட்டினேன். ‘கிளாடிஸ் டாட்டர்சால். வயது ஏழு. காலை, மாலை. விலங்குக்கு மட்டும்.’ நாரிஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றி அதைப் படித்தார்.

“முழுப் பேரும் போட்டிருக்கியே, கண்ணு” என்றார்.

இந்த ஊரில் முப்பத்து நாலு வருடம் பஸ் ஓட்டியவர் அவர். ஏறியவர்களையெல்லாம் கண்ணு என்று கூப்பிட்டே பழகிவிட்டார். பிறகு புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இது ஒரு மாசத்துக்கு வரும் போலிருக்கே. எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வேணும்.”

அதைச் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். இவரை எழுத வேண்டும் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான். தமிழில் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. ஊரில் ஒருவராலும் இதைப் படித்துவிட்டு என்னை அடிக்க வர முடியாது.

(இங்கே ஒரு சிறு குறிப்பு. கிளாடிஸ் ஒரு ஃபெரெட். தமிழில் இதற்கு என்ன பெயர் என்று ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். கீரி என்று எழுதி அடித்தேன். மரநாய் என்று எழுதி அதையும் அடித்தேன். நீளமாக, மெலிதாக, சட்டைக் கைக்குள் நுழைந்து காலர் வழியாகத் தலை நீட்டுகிற பிராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முயல் வளைக்குள் விட்டால் முயலை வெளியே ஓட்டிவிடும். சந்தோஷம் வந்தால் நாலு காலும் தரையில் படாமல் குதிக்கும், தொண்டைக்குள் ‘டுக் டுக்’ என்று பேசும். இனி ஃபெரெட் என்றே எழுதுகிறேன்.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதலாவது: ‘பனி போர்த்திய குன்றுகளின் நடுவே, குளிரில் நடுங்கும் ஒரு வீட்டில்...’

இது ஜூன் மாதம். நாரிஸ் அரைக்கால் சட்டையில் திரிகிறார். வெளிநாட்டுக் கதை என்றதும் பனியைக் கொட்டிவிடும் கை என்னுடையது. விடுகிறேன்.

இரண்டாவது கிளாடிஸே சொல்வதாக: ‘அன்று காலை என் பின்னங்கால்கள் எனக்கு முன்பே தூங்கப் போய்விட்டன...’

ஃபெரெட் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் தூங்கும். அது சொன்னால் கதை இரண்டு பத்தியில் முடிந்துவிடும்.

மூன்றாவது: ‘நாரிஸ் டாட்டர்சால் தன் வாழ்நாளில் எதற்கும் தாமதமாகப் போனதில்லை.’

இது நன்றாக இருக்கிறது, உண்மையும்கூட. வைத்துக்கொள்கிறேன்.

3

நாரிஸ் டாட்டர்சால் தன் வாழ்நாளில் எதற்கும் தாமதமாகப் போனதில்லை. அவர் ஓட்டிய பதினாலாம் நம்பர் பஸ்ஸைப் பார்த்துத்தான் ஊரில் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். வயது எழுபத்தொன்று. மனைவி மாவிஸ். கிளாடிஸ் என்பது மாவிஸின் அம்மா பெயர். குட்டியின் முகவாய்க்கட்டையைப் பார்த்ததும் நாரிஸுக்கு மாமியார் ஞாபகம் வந்ததாம். மாமியாரிடம் அதை மரியாதை என்று சொல்லிச் சமாளித்தார். அந்த அம்மாள் சாகும்வரை அதை நம்பினார்.

ஊர்த் திருவிழாவில் ஃபெரெட் பந்தயம் நடக்கும். நீளமான வடிகால் குழாய்களை வரிசையாகப் போட்டு, ஒரு முனையில் விட்டால் எது மறுமுனையில் முதலில் எட்டிப் பார்க்கிறதோ அது ஜெயித்தது. கிளாடிஸ் மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தாள். ஜெயித்த ஃபெரெட்டைத் தொழிலாளர் கிளப்புக்குத் தூக்கிப்போய் மேசை மேசையாகக் காட்டுவதும், ஒவ்வொருவரும் தன் தேநீரில் கொஞ்சம் சாஸரில் ஊற்றி அதற்குக் கொடுப்பதும் இங்கே வழக்கம். பால் விட்டு, இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட தேநீர். கிளாடிஸ் அதற்குப் பழகிப்போனாள். பந்தயம் இல்லாத நாளிலும் கிளப்பில் அவளுக்குச் சாஸர் வந்தது.

மே மாதத்தில் ஒரு நாள் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயில் எச்சில் வழிந்தது. பின்னங்கால்கள் ஈரத்துணி மாதிரி இழுபட்டன. இந்த ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் அடுப்பில் கெட்டில் ஏறும். நாரிஸும் அதைத்தான் செய்தார். சர்க்கரை போட்ட தேநீரை நக்கியதும் கிளாடிஸ் துள்ளி எழுந்தாள். அரை மணியில் முன்னைவிட மோசமாக விழுந்தாள். நாரிஸ் மறுபடி தேநீர் போட்டார். இப்படியே மூன்று வாரம்.

மருத்துவர் இமோஜன் சின்னப் பெண். கணையத்தில் கட்டி என்றார். ரத்தத்திலிருந்து சர்க்கரை ஓடிப்போய்க்கொண்டே இருக்கிறதாம். கிறங்கி விழும் நேரத்தில் ஈறில் துளி தேன் தடவலாம், உடனே இறைச்சி கொடுக்க வேண்டும். அதைத் தவிர இனிப்பே கூடாது, அது ஏற்றிவிட்டு அதைவிடக் கீழே தள்ளிவிடும் என்றார்.

“அப்போ நான்தான் இதைப் பண்ணினேனா, கண்ணு?” என்று நாரிஸ் கேட்டார்.

“கட்டி எதனால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, மிஸ்டர் டாட்டர்சால். டீயை இன்னையோட நிறுத்திடுங்க, போதும்.”

இமோஜன் வழிகளைச் சொன்னார். அறுவை செய்யலாம், இந்த வயதில் தாங்குவது சந்தேகம். மருந்தும், நாலு மணிக்கொரு தரம் கரண்டியில் இறைச்சிக் கூழும் கொடுத்தால் இன்னும் ஆறு மாதம், ஒரு வருடம்கூடச் சந்தோஷமாக ஓட்டலாம். இல்லையென்றால் வலியில்லாமல் தூங்க வைத்துவிடலாம்.

நாரிஸுக்கு இரண்டாவது வழிதான் வேண்டும். ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவருக்கே இடுப்பு மாற்று அறுவை. ஆறு வாரம் குனியக் கூடாது. மாவிஸின் விரல்கள் மூட்டுவாதத்தில் மடங்கிப்போனவை, கரண்டி நிற்காது. நாரிஸ் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கடைசி வழியை எழுதிவைக்கச் சொல்லிவிட்டு, அங்கிருந்து சரியாகப் பதினைந்து நிமிடத்தில் என் கடைக்கு வந்தார்.

4

எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. வில்ஃப் பிரெய்த்வெய்ட் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார்.

எண்பத்து மூன்று வயது. பன்னிரண்டு வயதிலிருந்து ஃபெரெட் வைத்து முயல் பிடிப்பவர். புதன்கிழமை கிளப்பில் எல்லோர் முன்னாலும் நாரிஸிடம் சொன்னார்:

“வேலை செய்ய முடியாததை வச்சு இழுத்தடிக்கிறது பாவம்டா. எங்கப்பா தானே வெளிய தூக்கிட்டுப் போய் ஒரே நொடியில முடிச்சிருவாரு. உங்கப்பாவும் அப்படித்தான். நீ என்னடான்னா டாக்டருகிட்ட தேதி வாங்கிட்டு வந்திருக்க.”

இதை எழுதும்போது அவருக்குக் கோணல் பல் வைத்தேன். தரையில் துப்ப வைத்தேன். ‘அவர் கண்களில் ஈவிரக்கம் என்பது...’ என்று தொடங்கிய வாக்கியம் பாதியில் நிற்கும்போது கடை மணி அடித்தது. வந்தவர் வில்ஃப். தன் இதய மாத்திரைகளை வாங்கினார். போகாமல் நின்றார். இருமல் மருந்துகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“அந்தக் கிளாடிஸ் மருந்து... கசக்குமா?”

கோணல் பல்லை அடித்துவிட்டேன். [உண்மையில் அவருக்குப் பல்லே கிடையாது.]

5

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் கடைக் கல்லாவுக்குக் கீழே ஒரு டப்பா இருக்கிறது. உள்ளே குளுக்கோஸ் மாத்திரைகள். நாரிஸின் காலருக்குள்ளிருந்து கிளாடிஸ் தலையை நீட்டும்போதெல்லாம் நான் அதில்...

இல்லை, முழுதாகவே சொல்கிறேன். ஒரு துண்டு உடைத்துக் கொடுப்பேன். வாரம் இரண்டு முறை, ஐந்து வருடமாக. மருந்து படித்தவன் நான். அவள் அதைத் தின்றுவிட்டு என் விரலை நக்குவது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான் காரணம். லேபிளில் அவள் முழுப்பெயரை நான் அடித்தது எழுத்தாளனின் கனிவால் என்று முதல் பகுதியில் உங்களை நம்பவிட்டேன். அதில் பாதி குற்றவுணர்ச்சி.

6

வியாழக்கிழமை காலை, டாட்டர்சால் வீட்டுச் சமையலறை. (நான் அங்கே இல்லை. மாவிஸ் கடைக்கு வந்து நடித்துக் காட்டியதை எழுதுகிறேன். இரண்டு பேர் குரலையும் அவரே பேசினார், நாரிஸின் குரல் கொஞ்சம் அசடாக வந்தது.)

கிளாடிஸ் ஒரு பழைய கம்பளித் தொப்பிக்குள் சுருண்டு படுத்திருந்தாள். இரண்டு நாள் மருந்திலும் கூழிலும் கண் தெளிந்திருந்தது, ‘டுக்’ சத்தம் மட்டும் இன்னும் வரவில்லை. நாரிஸ் வேதனையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். மாவிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“உனக்கும்தான் பின்னங்கால் போச்சு. உன்னை யாராவது வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னாங்களா?”

நாரிஸ் சிரித்துவிட்டார். சிரிப்பு முடிந்ததும் அழுதார். மூன்று வாரம் தேநீர் ஊற்றியதைச் சொல்லிச் சொல்லி அழுதார். மாவிஸ் முடியும்வரை விட்டார்.

“யாரு ஊட்டுவா, மாவிஸ்? ஆறு வாரம்.”

“பதினாலாம் நம்பரை நீ ஒருத்தனேவா ஓட்டின? நீ இறங்கினா இன்னொருத்தன் ஏறலையா?”

நாரிஸ் எழுந்து, அலமாரியிலிருந்து அளவுகோலை எடுத்தார்.

மாலைக்குள் தாள் தயாரானது. தலைப்பு: தடம் 14, கிளாடிஸ். காலை 6.10, 10.10, பகல் 2.10, மாலை 6.10, இரவு 10.10. ஏழு நாள். நிறுத்தங்கள்: கூழைச் சூடாக்கு, கக்கத்தில் பிடித்துத் தூக்கு, கரண்டி, காலை மாலை மருந்து, வாயைத் துடை. கீழே சிவப்பு மையில்: தேநீர் கிடையாது, எந்தச் சூழ்நிலையிலும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓட்டுநர் பெயர் எழுத ஒரு கோடு. முப்பத்தைந்து கோடுகள்.

அதைக் கிளப் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு, மருத்துவர் சொன்னதையெல்லாம் நாரிஸ் சொன்னார். சாஸர் நீட்டாத கை அங்கே ஒன்றுகூட இல்லை. ஒவ்வொருவரும் தன் கோப்பையையே பார்த்தார்கள்.

வில்ஃப் எழுந்து வந்தார். தாளை மேலிருந்து கீழே படித்தார்.

“பேனாவைக் குடுடா. நான் அஞ்சு மணிக்கே எந்திரிக்கிறவன். ஆறு பத்து எனக்கு, ஏழு நாளும்.”

“ஞாயித்துக்கிழமையுமா?”

“ஃபெரெட்டுக்கு ஞாயிறு தெரியுமாடா?”

அப்புறம் பேனாவுக்குச் சண்டை வந்தது. பகல் 2.10-இல் நான் ஆறு நாள் எழுதினேன். கடை மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை மூடியிருக்கும். குளுக்கோஸ் டப்பாவை அன்றே குப்பையில் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாரிஸ் கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்து, அன்று நாலு மணிக்கு எழுதிவைத்ததை ரத்து செய்யச் சொன்னார்.

நேற்று ஒத்திகை ஓட்டம். 6.10-க்கு வில்ஃப் தான் சர்ச்சுக்குப் போடும் கோட்டு அணிந்துகொண்டு வந்தார். ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, நேராக என் கடைக்கு வந்து திறக்கும்வரை வாசலில் நின்றார். முகமெல்லாம் வெட்கம்.

“என்கிட்ட பேசினா” என்றார். “டுக் டுக்குன்னு. ரெண்டு தடவை.”

7

இனி முடிவு.

(அ) திருவிழாவில் கிளாடிஸ் குழாய்க்குள் நுழைகிறாள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மறுமுனையில் முதலாவதாக அவள் தலை. இதை எழுதி ரசித்தேன். பொய்.

(ஆ) திருவிழாவில் கிளாடிஸ் கம்பளித் தொப்பிக்குள் உட்கார்ந்தபடி தலைமை விருந்தினராகப் பந்தயத்தைத் தொடங்கி வைக்கிறாள். நாரிஸ் ஊன்றுகோலில். வில்ஃபின் நாலு ஃபெரெட்டும் தோற்கின்றன. இது நடக்கலாம், கிளப் கமிட்டி தீர்மானம்கூடப் போட்டுவிட்டது.

(இ) ஆறு மாதம் கழித்தோ, ஒரு வருடம் கழித்தோ ஒரு காலையில் வில்ஃப் கரண்டியோடு...

எழுத மாட்டேன். அது வரும்போது வரட்டும். என் பேனா அதை அழைத்துவர வேண்டியதில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளை நாரிஸுக்கு அறுவை. சற்றுமுன் வந்து அட்டவணையின் நகலைக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்துக் கவலைப்பட்டார். முப்பத்துநாலு கோடு நிரம்பியிருக்கிறது. ஒன்று காலி. வியாழன், பகல் 2.10. அன்று நான் பக்கத்து ஊர்க் கடையைப் பார்க்கப் போகவேண்டும். மற்றவர்களுக்குக் கிளப்பில் பிங்கோ ஆட்டம். பிங்கோவிலிருந்து இந்த ஊர்க்காரர்களைக் கடவுளே வந்தாலும் எழுப்ப முடியாது.

“ஓட்டுநர் இல்லாம வண்டி எடுக்க முடியாது, கண்ணு” என்றார் நாரிஸ். “யாரையாவது பாரு.”

பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு தூரம் கூட வந்தது நீங்கள்தான்.

டாட்டர்சால் வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும். கூழை வெதுவெதுப்பாகச் சூடாக்குங்கள், விரலில் தொட்டுப் பாருங்கள். அவளைத் தொப்பியோடு தூக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டாள். கூடத்தில் போட்ட கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நாரிஸ் உங்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருப்பார், தலையாட்டிவையுங்கள். மாவிஸ் தேநீர் கொடுப்பார். அதை நீங்கள் மட்டும் குடியுங்கள்.

உங்கள் பெயரை எழுத இடம் விட்டிருக்கிறேன்.

வியாழன், பகல் 2.10, ஓட்டுநர்: ........................

இரண்டு பதினொன்று ஆகிவிட்டால் நாரிஸ் ஜன்னலுக்கு வந்துவிடுவார். அவர் இன்னும் தனியாக நடக்கக் கூடாது.