முதலில் எந்தக் கோர்ட்

"கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுல்ல, மேடம்?" என்றான் என் கட்சிக்காரன் ஓடெல் பிட்மன். பழைய தண்டனை உள்ளவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அவன் காரில் ஒன்று சிக்கியது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐந்து வருடம் என்று வர்ஜீனியா மாநில வழக்கறிஞர் ஹார்க்ரேவ் தாளை நீட்டியிருந்தாள்.

"எங்க முடியும்? ஃபெடரல்காரனும் தனியா கேஸ் போடுவான்."

"ஒரே துப்பாக்கிக்கு ரெண்டு தடவையா? சட்டத்துல இடமே இல்லைன்னு ஜெயில்ல எல்லாரும் சொல்றாங்க."

"அவங்களுக்குச் சட்டம் தெரிஞ்சிருந்தா ஏன்யா ஜெயில்ல இருக்காங்க?"

எனக்கு எரிச்சல். ரிச்மண்டில் இருபத்திரண்டு வருடமாக இதே பாட்டு. மாநிலம் ஒரு அரசு, வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல், அதாவது மத்திய அரசு, இன்னொரு அரசு. ஒரே செயலுக்கு இரண்டும் தண்டிக்கலாம். கோர்ட்டின் கடைசி பெஞ்சில் ஃபெடரல் ஏஜெண்ட் ஒருவன் நோட்டுடன் உட்கார்ந்திருந்தான். ஓடெல் எழுந்து "துப்பாக்கி என்னுடையது" என்றால் போதும், அதையே அங்கே சாட்சியாக்கி, ஐந்து வருடத்துக்கு மேல் இன்னும் இரண்டு மூன்று வருடம் போட்டுத் தள்ளுவார்கள்.

ஆனால் எங்கள் மாநிலச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. ஃபெடரல் வழக்கு முதலில் முடிந்துவிட்டால், அதே செயலுக்கு மாநிலம் மேற்கொண்டு வழக்கு நடத்த முடியாது. நான் வாய்தா வாங்கினேன்.

வராந்தாவில் என் திட்டத்தைச் சொன்னதும் ஓடெலின் அக்கா ஷார்லீன் என்மேல் பாய்ந்தாள். அவனைத் தூக்கி வளர்த்தவள். அறுபத்தெட்டு வயது, இதய நோயாளி. "நீங்க வக்கீலா, இல்ல புடிச்சுக் குடுக்கற ஆளா? நீங்களே அவனை ஃபெடரல்கிட்ட கூட்டிட்டுப் போவீங்களா?"

"ஆமா. நானேதான் கூட்டிட்டுப் போவேன்."

அன்று மதியமே ஃபெடரல் வழக்கறிஞரைப் பார்த்து, "இப்பவே கேஸைப் போடுங்க, என் ஆள் ஒப்புக்குவான்" என்றேன். மனுஷனுக்கு வாயெல்லாம் பல். நான்கு மாதத்தில் தீர்ப்பு வந்தது: முப்பது மாதம்.

அந்தத் தீர்ப்போடு மாநில கோர்ட்டுக்குத் திரும்பினேன். ஹார்க்ரேவ் அதை இரண்டு முறை படித்தாள்.

"என்னை ஏமாத்திட்டே, லோரெய்ன்."

"நான் எங்க ஏமாத்தினேன்? உங்க சட்டப் புத்தகத்துலயே இருக்கு."

நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஓடெல் திருதிருவென்று விழித்தான்.

"அப்போ அந்த அஞ்சு வருஷம்?"

"போச்சு. முப்பது மாசம்தான்."

விலங்கு மாட்டிய கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதான். ஷார்லீன் பெஞ்சுகளுக்கு நடுவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சும் ரெண்டரையுமா ஏழரை வருஷம்னா நான் இருப்பேனோ என்னவோ, மேடம். முப்பது மாசம் இருந்துடுவேன்."