ஃபெஹீனுக்கு விட்ட இடைவெளி

கடலில் போன ஃபெஹீன், செத்த மறு மாதத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் தன் வீட்டுக்கு வந்து வெண்ணெய் கடைந்து கொடுத்துவிட்டுப் போனான். முழு ஆளாக வரவில்லை. கைகள் மட்டும் வந்தன என்று சொன்னால்கூடச் சரியாகாது; கைகளின் பலம் மட்டும் வந்தது. அவன் மனைவி பார்ப்ரா மரத்தாழியின் முன்னால் நின்று, நீளமான மத்தைப் பிடித்து, கடைகிற பாட்டில் ஒரு அடி பாடி மத்தை ஒரு முறை இறக்குவாள். பிறகு கையைத் தளர்த்தி மூச்சை நிறுத்திக்கொள்வாள். அந்த நிறுத்தத்தில் மத்து தானாக ஒரு முறை இறங்கி ஏறும். அவள் அடுத்த அடியை எடுப்பாள். கடைந்து முடிந்தபின் மத்துக் காம்பில் அவள் பிடித்த இடத்துக்குச் சற்று மேலே ஈரமாக ஒரு கைத்தடம் இருக்கும். அந்த வீட்டு வெண்ணெய்க்கு உப்புப் போடத் தேவையிருக்கவில்லை. அந்தக் கடலோரக் கிராமமான கில்வராவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் உருளைக்கிழங்கில் கறுப்பு நோய் விழுந்திருந்தது, ஆட்டு ரோமத்தைக் கேட்பாரில்லை, பேச வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. பங்குச் சாமியார் மட்டும் ஒருநாள் விசாரிக்க வந்தார். கடைகிற நேரத்தில் வந்துவிட்டதால் ஊர் வழக்கப்படி அவரும் மத்தில் ஒரு கை போட்டார். ஈரம் பட்டதும் கையை அங்கியில் துடைத்துக்கொண்டு, முறையாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள்தானே, இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது என்று கூறிவிட்டு, ஒரு குவளை மோர் குடித்துப் போய்ச் சேர்ந்தார்.

அந்த வழக்கத்தைச் சாமியாரே மீறாதபோது மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடைகிற வீட்டுக்குள் யார் நுழைந்தாலும், வணக்கம் சொல்வதற்கு முன்னால் மத்தைத் தொட்டு நாலு இடி இடிக்க வேண்டும். தொடாமல் போகிறவர் அந்த வீட்டு வெண்ணெயையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார். தபால்காரர் தொடுவார், வரி கேட்டு வருகிறவர் தொடுவார், கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள் பேச்சை மறந்துவிட்டுத் தொடுவார்கள். பாட்டும் அதைத்தான் சொல்லும். பிரமாதமான பாட்டு ஒன்றும் இல்லை. வா வா என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவதுதான். பக்கத்து வீட்டுக்காரியை, கிணற்றடிப் புனிதரை, கறுப்புக் கோழியை, கடைசியாக இன்னும் வந்து சேராதவரை. வீட்டுக்கு வீடு மெட்டு கொஞ்சம் மாறும், வரிசை மாறும், கோழியின் நிறம் மாறும். அதற்காக யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை, சொரகா வரும்வரை.

சொரகா ஃபெஹீனின் தங்கை. சின்ன வயதிலேயே டப்ளினுக்குப் போய், பழைய பாட்டுகளைச் சேகரிக்கும் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அண்ணன் தோணி கவிழ்ந்த செய்தி வந்தபோது அவள் ஊருக்கு வரவில்லை. உடம்பு கிடைக்கவில்லை, குழி இல்லை, எதைப் பார்க்க வருவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அழவும் இல்லை. அழுகையை யாரோ பிடுங்கிப் பரணில் போட்டுவிட்ட மாதிரி இருந்தது என்று பின்னாளில் சொன்னாள். உலகப் போர் முடிந்த பிறகு, இசைத்தட்டில் குரலைக் கீறிப் பதிகிற ஒரு மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு கில்வராவுக்கு வந்து சேர்ந்தாள். கடைகிற பாட்டுக்கு ஒரே ஒரு சரியான வடிவம் எங்கோ இருக்கிறது, மற்றதெல்லாம் வாய் தவறியும் ஞாபகம் பிசகியும் கெட்டவை என்பது அவள் கட்சி. அலுவலகத்தின் கட்சியும் அதுதான். ஆகையால் ஒவ்வொருவரையும் பாடவைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டு, எது சரி என்று கண்டுபிடித்துவிடுவதாகக் கிளம்பினாள்.

மலை மேல் இருந்த நாப்லா கிழவி பாட்டை மாமியார் திட்டுகிற வேகத்தில் பாடினாள். மூன்றாவது அடியிலேயே வெண்ணெய் திரண்டுவிட்டது. ஆனால் கோபமான வெண்ணெய்; சூடான ரொட்டியில் தடவினாலும் இளகாது. தையற்காரர் கோலீன் ஆம்பளையாக இருந்தும் கடைவார். கறுப்புக் கோழிக்குப் பிறகு தன் முன்னோர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனதில், அவர் பாட்டு மற்றவர்களுடையதைப் போல மூன்று மடங்கு நீளம். அவருடைய வெண்ணெய் பார்வைக்கு ஒரு குன்று போல இருக்கும், தூக்கினால் இறகு கனம்கூட இருக்காது. கடற்கரை ஓரத்துப் பெண் ஒருத்திக்கு வார்த்தைகளே ஞாபகம் இல்லை. முனகியபடியே கடைந்தாள், வெண்ணெய் நிறமே இல்லாமல் வந்தது, எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தடவித் தேட வேண்டியிருந்தது. சொரகா எல்லாவற்றையும் கேட்டு, இங்கே பிசகு, இங்கே ஒட்டு என்று சந்தோஷமாகக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வந்தாள். அண்ணியின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அண்ணன் வருகிற கதை அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அதை நம்பினாளா என்று கேட்டால் நம்பினாள், அதனால்தான் தள்ளிப்போட்டாள்.

அந்த வியாழக்கிழமை பார்ப்ரா ஏற்கெனவே கடைய ஆரம்பித்திருந்தாள். சொரகா மெஷினை மேசைமேல் வைத்து, ஒரு கையால் தட்டையும் மறு கையால் ஊசியையும் பிடித்தபடி நின்றாள். தாழிக்குள் மத்து தானாக இறங்குவதைப் பார்த்தாள்.

“முதல்ல வந்து மத்துல கை போடுடி,” என்றாள் பார்ப்ரா. “உங்கண்ணன் நிக்கிறாரு. எத்தன வருஷம் கழிச்சு வந்திருக்க, விருந்தாளி மாதிரி தள்ளி நின்னா என்ன அர்த்தம்?”

“ரெண்டு கையும் மெஷின்ல மாட்டிக்கிச்சு அண்ணி. விட்டா தட்டு பாழாயிடும். பாட்டு முடியட்டும், கண்டிப்பா போடுறேன்.”

“உன் மெஷினா வெண்ணெய் எடுத்துத் தரப்போவுது? சரி, நாத்தனார் சொன்னா மறுபேச்சு உண்டா.”

பார்ப்ரா பாடினாள். அடிக்கு அடி நிறுத்திப் பாடியதில், பாதிப் பாட்டிலேயே தட்டு நிறைந்துவிட்டது. சொரகாவிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தட்டு. அவள் அதை மாட்டிக்கொண்டே, இந்த நிறுத்தம் வேறு யார் பாட்டிலும் இல்லை என்றாள். “அது மூச்சு வாங்குற பழக்கம் அண்ணி, பாட்டோட சேர்த்தி இல்ல. ஒரே ஒரு தடவ நிறுத்தாம பாடிடுங்க. அப்பதான் முழுசும் பதியும்.”

“பாட்டோட சேர்த்தி இல்லதான்,” என்றாள் பார்ப்ரா. “அது அவருக்கு விடுற எடம்.”

“ஒரே தடவ அண்ணி. அவரு கோவிச்சுக்க மாட்டாரு.”

இதைச் சொல்லும்போது சொரகா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். ஃபெஹீனும் ஏதாவது வேண்டும் என்றால் அப்படித்தான் தலையைச் சாய்ப்பான். பார்ப்ராவால் அந்தச் சாய்ப்புக்கு மாட்டேன் என்று சொல்ல முடிந்ததே இல்லை. ஒரே மூச்சாக, இடைவெளி விடாமல், முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை பாடிக் கடைந்தாள். நடுவில் மத்து இரண்டு மூன்று முறை அவள் கையிலேயே உதறியது. ஒருமுறை தவறி இறங்கி அவள் விரல் முட்டியில் இடித்தது. பாட்டு முடிந்தது. சொரகா ஊசியை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தபடி ஓடி வந்து, இரண்டு கையாலும் மத்தைப் பிடித்துக்கொண்டாள். காம்பு காய்ந்து கிடந்தது. நாத்தனாரும் அண்ணியும் மாறி மாறிச் சாயங்காலம்வரை கடைந்தார்கள். பாலாடை பாலாடையாகவே இருந்தது. பூனைக்கு ஊற்றினார்கள், அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இதைப் பற்றி ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சொரகா மத்தைத் தொடாமல் நின்றதுதான் காரணம் என்றது ஒரு கட்சி. இடைவெளியை அடைத்துவிட்டால் பாவம் அவன் எங்கேதான் கை வைப்பான் என்றது இன்னொன்று. எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஃபெஹீன் வரப்போவதில்லை. அடுத்த வியாழக்கிழமை பார்ப்ரா பழையபடி நிறுத்தி நிறுத்திப் பாடினாள். நிறுத்தம் வெறும் நிறுத்தமாகவே இருந்தது. அதை நீட்டினாள்; அவனுக்கு நேரம் போதவில்லையோ என்று இன்னும் நீட்டினாள். சில நாட்களில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு வரலாம், அவ்வளவு நீளம். எல்லா இடியையும் தானே இடித்ததில் அவள் வலது தோள் இறங்கிப்போயிற்று. வெண்ணெய் வந்தது, உப்பு மட்டும் கடையில் வாங்க வேண்டியதாயிற்று.

டப்ளினில், நிறுத்தாமல் பாடிப் பதிந்த அந்தத் தட்டை வைத்திருந்த அலமாரியின் அடியில் தண்ணீர் தேங்கியது. கூரையில் ஒழுகல் இல்லை. தட்டின் உறையில் ஒருநாள் கடற்பாசி ஒட்டிக்கொண்டிருந்தது. அலுவலகத்தார் கீழே ஒரு வாளியை வைத்தார்கள், அத்தோடு அவர்கள் வேலை முடிந்தது. சொரகா தட்டைப் போட்டுக் கேட்டாள். அண்ணியின் குரல் ஓட, அதன் அடியில் அவளுடைய இடி சீராக விழ, இரண்டுக்கும் ஒட்டாமல் இன்னொரு இடி முன்னால் விழுந்து, பின்னால் விழுந்து தடுமாறியது. அண்ணன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. பரணில் கிடந்த அழுகை அன்று மொத்தமாக இறங்கியது.

அதற்குப் பிறகு அவள் பாட்டுகளை ஒப்பிட்டது வேறு காரியத்துக்காக. எந்த வடிவம் சரி என்ற கேள்வி எங்கோ போயிற்று. எது ஃபெஹீனை வெளியே கூப்பிடும் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருவரின் வடிவத்தைக் கற்றுக்கொண்டு வந்து அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தாள். நாப்லா கிழவியின் வேகத்தில் பாடிப் பார்த்தார்கள். மத்து பலமாக இறங்கியது, வீடெல்லாம் புகையிலை வாடை. வந்தது கிழவியின் புருஷன். சேதி போய்க் கிழவியே கம்பை ஊன்றிக்கொண்டு மலையிறங்கி வந்தாள். “இருந்த நாள்ல என் வீட்டு மத்த ஒரு நாள் தொட்டிருப்பியா? அடுத்த வீட்டுல வந்து இடிக்கிறியே, வெக்கங்கெட்ட மனுஷா! நட வீட்டுக்கு!” என்று காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கோலீனின் வடிவத்தைப் பாடியபோது அவர் முன்னோர்கள் அத்தனை பேரும் வந்து அடைத்துக்கொண்டு, தாழியைக் கிட்டப் போய்த் தொட முடியாமல் அண்ணியும் நாத்தனாரும் வாசலில் நின்றார்கள். பார்ப்ரா சிரித்தாள். ஃபெஹீன் போனபின் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒருநாள்தான், சிரிப்பு முடியும்போதே முகம் மாறிவிட்டது.

கடைசியில் சொரகா அந்தத் தட்டையே கொண்டுவந்தாள். அலுவலகத்தில் கேட்டுக் கொண்டுவந்தாளா கேட்காமலா என்பது நமக்கு வேண்டாம். அடுப்பில் சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டி எரிந்துகொண்டிருக்க, பார்ப்ரா முக்காலியில் உட்கார்ந்து தன் குரலையே கேட்டாள். அவசரமான குரல். அதன் அடியில் அந்தத் தடுமாறுகிற இடி.

“எங்க வைக்கிறதுன்னு தெரியாம தவிக்கிறாரு பாரு,” என்றாள். “முந்திரிக்கொட்டை மாதிரி ஓடியிருக்கேன். கொஞ்சம் நின்னு தொலைச்சிருக்கக் கூடாதா நான்.”

“என்னாலதான் அண்ணி. நான்தான் கெடுத்தேன். மன்னிச்சிடுங்க.”

“மன்னிச்சிட்டேன்னு சொன்னா பொய்யாயிடும்டி. இல்லன்னு சொல்லவும் வாய் வரல. உக்காரு, டீ ஆறிப்போவுது.” டீயை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, “இத எடுத்துட்டுப் போயிடு. இனிமே போடாத. ஒவ்வொரு தடவ போடுறப்பவும் அவரு அலையணுமா?” என்றாள்.

சொரகா போடவில்லை. வருஷங்கள் போயின. ஊருக்குப் பால் பண்ணை வந்தது. பால் வண்டியில் போயிற்று, தாழிகளில் பெண்கள் செடி வைத்தார்கள். பார்ப்ரா மட்டும் ஒரு பசுவை நிறுத்திக்கொண்டு வியாழக்கிழமை கடைந்தாள், இறங்கிய தோளோடு, நிறுத்தங்களோடு. நாப்லா போனாள், கோலீன் தன் முன்னோர்களோடு சேர்ந்துகொண்டார். ஒரு மாசி மாதக் குளிரில் பார்ப்ராவும் போய்விட்டாள். இந்த முறை சொரகா சவ அடக்கத்துக்கு வந்தாள். கல்லறைக்கு முன்னால் அழுதாள், நிறையவே அழுதாள்.

டப்ளின் திரும்பியபோது அலமாரியின் அடியில் தரை காய்ந்திருந்தது. அண்ணியின் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று, அவள் சொல்லை மீறி, அந்தத் தட்டையே போட்டாள். பார்ப்ரா ஒரு அடி பாடி மத்தை இறக்கினாள். நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தில் இன்னொரு இடி, நிதானமாக, தன் இடத்தில் போய் விழுந்தது. இப்படிப் பாடினால் பாதிக்கு மேல் கொள்ளாத தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது, ஊசி நடுவை நோக்கி நகரவே இல்லை. சொரகா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகுதான் கவனித்தாள். ஃபெஹீனின் இடிக்குப் பிறகும் பாட்டு உடனே தொடரவில்லை. அதே அளவுக்கு இன்னொரு நிறுத்தம். அதில் யாரும் இடிக்கவில்லை. தட்டில் கீறலோ என்று முதலில் நினைத்தாள். அடுத்த அடியிலும் அது இருந்தது, அதற்கு அடுத்த அடியிலும்.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். பிடிக்க மத்து இல்லை. அறையில் மேசையும் அலமாரியும் நாற்காலியும்தான் இருந்தன. அடுத்த நிறுத்தம் வந்தபோது உள்ளங்கையால் மேசையை ஒரு முறை அடித்தாள். உடனே பார்ப்ராவின் குரல் அடுத்த அடியை எடுத்தது.

அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் அந்த அறையிலிருந்து சத்தம் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தா ஒருவர் ஒருநாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“யாரும்மா உள்ள? என்ன இடிச்சிட்டிருக்கீங்க?”

“நாங்கதான்,” என்றாள் சொரகா, மேசையிலிருந்து கையை எடுக்காமல்.

அவர் சரி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.